சுண்டல் விழுந்த வாரம்

ஜனவரி 10, சனி

தப்பு என்னுடையதுதான். மகளும் அவள் அப்பாவும் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருக்கிறார்கள். சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கினிப்பன்றி சுண்டலைச் சாப்பாட்டு மேசையில் தூக்கி வைத்து, ஒற்றை ஆளாக நகம் வெட்ட உட்கார்ந்தேன். மூன்றாவது நகத்தில் மொச்சை வெந்துகொண்டிருந்த குக்கர் விசில் அடித்தது. துள்ளினான். இரண்டரை அடி உயரம், கீழே மொசைக் தரை.

கத்தக்கூட இல்லை. நேராகக் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டான். கொத்தமல்லியை ஆட்டி ஆட்டி வெளியே வரவைக்க இருபது நிமிஷம். மூக்கில் ரத்தமில்லை, முன்பல் உடையவில்லை, தலை சாயவில்லை. முன்காலுக்கு நாலு, பின்காலுக்கு மூன்று என்று விரல்களை எண்ணினேன். எல்லாம் சரி. இடது பின்காலை மட்டும் லேசாகத் தூக்கித் தூக்கி வைக்கிறான்.

கூண்டிலிருந்த சாய்வுப் பலகையைக் கழற்றிவிட்டேன். இன்னொரு கினிப்பன்றி மிளகு பக்கத்திலேயே இருக்கட்டும், பிரித்தால் இன்னும் பயப்படுவான்.

ஜனவரி 11, ஞாயிறு

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் புழுக்கை எண்ணினேன். மிளகுடையது எது, இவனுடையது எது என்று எப்படித் தெரியும்? விடிந்ததும் நடுவில் கம்பித் தடுப்பு வைத்தேன்.

காலையில் புல்லைத் தொடவில்லை. கீழ்வீட்டு அக்கா, "குழந்தைங்க காய்ச்சல் மருந்து ரெண்டு சொட்டு விடேன்" என்றார். நல்ல மனசுதான், ஆனால் நம் மருந்தை இதுகளுக்குக் கொடுக்கவே கூடாது. அல்சூரில் பக்கத்திலிருந்த டாக்டர் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பாராம். முயல், கிளியெல்லாம் பார்க்கிற ஒருவரைத் தேடி ஊரின் மறுகோடிக்கு ஆட்டோ. மீட்டரா? பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமையில்!

எடை 912 கிராம். எக்ஸ்ரேயில் முறிவில்லை, சுளுக்குதான். எடைக்குத் தகுந்த அளவில் வலி மருந்து கொடுத்தார். "காலைவிட வயித்தைப் பாருங்க. இதுங்க வலியை வெளிய காட்டாது, சாப்பாட்டை நிறுத்திடும். ஒரு நாள் நிறுத்தினாலே குடல் நின்னுபோகும்" என்றார்.

ஜனவரி 12, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். தீவன உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, 1 மில்லி சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக. நேராக விட்டால் புரையேறிவிடும். பாதி அவன் வயிற்றில், பாதி என் நைட்டியில். எடை 889.

மாலை நாலு மணிக்குச் சிவப்புக் குடைமிளகாயில் ஒரு கீற்றை நீட்டினேன். நம்மைப்போலவே இவனுக்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது, தின்றுதான் ஆகவேண்டும். மோந்து பார்த்தான், முகத்தைத் திருப்பினான். மறுபடி திரும்பி, நுனியில் ஒரு கடி. அந்த 'கறுக்' சத்தத்துக்கு நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை.

இரவு புழுக்கை: ஏழு. சின்னதாக, வறண்டு.

ஜனவரி 13, செவ்வாய்

எடை 897. புல்லைத் தானே இழுத்துத் தின்கிறான். புழுக்கையை எண்ணுவதை விட்டுவிட்டேன், அவ்வளவு.

ராத்திரி லால்பாக் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். பையைக்கூட வைக்கவில்லை, "ஏம்மா நடுவுல தடுப்பு?" என்றாள். சொன்னேன். கூண்டின் மேல் தன் கையால் எழுதி ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். மூன்றாவது வரி: நகம் வெட்ட ரெண்டு பேர் வேணும். தரையில்தான் வெட்டணும்.

அப்புறம் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரைத் தொடவில்லை, வெண்கலப் பானைதான். கரும்பு கேட்டுக் கம்பியைக் கடித்தான், கிடையாது. கொத்தமல்லி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்ததும் பழையபடி 'வீக் வீக்' என்று கூப்பாடு. எடை 908. தடுப்பை எடுத்தாயிற்று. வேகமாக ஓடும்போது மட்டும் அந்தக் காலை இன்னும் லேசாக உதறுகிறான். மருந்து இரண்டு நாளைக்கு இருக்கிறது.

மீதி நகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து வெட்டலாம் என்று மகள் சொன்னாள். பிடித்துக்கொள்வது நான், வெட்டுவது அவளாம்.