பிட்னியாவில் வெடித்த கார்

2025 அக்டோபர் 13, திங்கள்

மால்டாவின் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிட்சியா 2017-ல் பிட்னியா கிராமத்தில் கார் குண்டில் கொல்லப்பட்ட வழக்கை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். வியாழக்கிழமை வந்தால் எட்டு வருடம். அரசியல் சதிக் கதைகளில் ரகசியம் கடைசி அத்தியாயத்தில் உடையும். இங்கே அது 2016 பிப்ரவரியிலேயே உடைந்துவிட்டது. அமைச்சர் கொன்ராட் மிட்ஸிக்குப் பனாமாவில் கம்பெனி இருப்பதை டாஃப்னி தன் வலைப்பதிவில் எழுதினார். பிரதமர் அலுவலகத் தலைமை அதிகாரி கீத் ஸ்கெம்ப்ரி பெயரும் சேர்ந்தே அடிபட்டது. நாட்டுக்கே தெரியும். ஆனாலும் பிரதமர் ஜோசப் மஸ்கட் இருவரையும் கூடவே வைத்துக்கொண்டு, அடுத்த வருடத் தேர்தலிலும் ஜெயித்தார். எனக்கு ஆறவே இல்லை.

அக்டோபர் 14

அந்தப் பனாமா கம்பெனிகளுக்குப் பணம் தரவிருந்தது '17 பிளாக்' என்ற துபாய் கம்பெனி. 2017-ல் டாஃப்னி அந்தப் பெயரை எழுதினார். யாருடையது என்று கண்டுபிடிக்க அவரை விட்டுவைக்கவில்லை. 2018 நவம்பரில் ராய்ட்டர்ஸும் டைம்ஸ் ஆஃப் மால்டாவும் கண்டுபிடித்தன: தொழிலதிபர் யோர்கன் ஃபெனெக், அரசு ஒப்பந்தம் பெற்ற மின்நிலையத்தில் பங்குள்ளவர். மறு வருடம் சொகுசுப் படகில் கிளம்பியவரைக் கடலிலேயே மடக்கினார்கள். கொலைக்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார். மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் மஸ்கட் பதவி விலகினார்.

அக்டோபர் 16

இன்றைய தேதி. 2017-ல் இதே நாள் மதியம் 2.35-க்கு டாஃப்னியின் கடைசிப் பதிவு. எங்கே பார்த்தாலும் அயோக்கியர்கள், நிலைமை கைமீறிவிட்டது என்று முடித்திருந்தார். அமைச்சர் ஒருவர் போட்ட அவதூறு வழக்கில் அவர் வங்கிக் கணக்குகளை முடக்கியிருந்தார்கள். அந்த விஷயமாகத்தான் பேங்குக்குக் கிளம்பினார். செக் புத்தகத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று மணி வாக்கில் கார் வெடித்தது. மூத்த மகன் மேத்யூ, அவரும் பத்திரிகையாளர், வெறுங்காலோடு ஓடினார். இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

அக்டோபர் 17

நேற்று விட்ட இடம். குண்டை வெடிக்கவைத்தது ஓர் எஸ்எம்எஸ், கடலில் நின்ற படகிலிருந்து. அனுப்பியவர் ஜார்ஜ் டிஜார்ஜியோ. அன்று காலையில் ஃபோனில் பேலன்ஸ் இல்லாமல், தெரிந்தவரைக் கூப்பிட்டு 5 யூரோ ரீசார்ஜ் போடச் சொல்லியிருக்கிறார். வேறொரு விசாரணைக்காக அவர் பேச்சை ஏற்கெனவே ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்தார்கள். அவ்வளவு அலட்சியம். மூளைக்காரச் சதியெல்லாம் இல்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். அவரும் தம்பி ஆல்ஃபிரெடும் 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 40 வருடச் சிறை பெற்றார்கள். குண்டு கொடுத்த இருவருக்கு இந்த ஜூனில் ஆயுள்.

2021-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, கொலைக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்றது. தண்டனை பயமே இல்லாத சூழலை மேலிடம்தான் வளர்த்தது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். 400 பக்கங்களுக்கு மேல். சரி, இந்த வார இறுதி அதற்குத்தான்.