மாற்று பட்ஜெட்டில் நான் முதலில் தேடுவது

இங்கிலாந்து உள்ளாட்சி மன்றம் ஒன்றில், ஆளுங்கட்சியின் பட்ஜெட்டுக்குத் திருத்தமாக எதிர்க்கட்சி 'மாற்று பட்ஜெட்' வெளியிட்டால் நான் வாக்குறுதிகளைத் தாண்டிப் போய், பணம் எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பேன். அங்கே வரவையும் செலவையும் சட்டப்படி சரிக்கட்டியே ஆக வேண்டும். அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது. ஆகவே நூலகத்தை மூடாதே என்று திருத்தம் கொண்டுவருபவர், அந்தத் தொகைக்கு வேறு வழியும் காட்ட வேண்டும்.

பல சமயம் கை போவது கையிருப்பு நிதிக்கு. அங்கேதான் எனக்கு உறுத்தும். கையிருப்பை ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. நூலக ஊழியர் சம்பளமோ வருடா வருடம் வரும். சரி, அடுத்த வருடம்? கணக்கு நம்பத்தக்கதா, கையிருப்பு போதுமா என்று தலைமை நிதி அதிகாரி அறிக்கை தர வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம். அந்த அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. கவுன்சில் வரியை (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) இரண்டு மாதம் பாக்கி வைத்த உறுப்பினர் பட்ஜெட் மீதான ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவே முடியாது! 2014 முதல் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதும் பெயரோடு பதிவாகிறது. தோற்கும் என்று தெரிந்தும் எதிர்க்கட்சி திருத்தம் கொண்டுவருவது பாதி அந்தப் பதிவுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.