உயரம் எவ்வளவு டீச்சர்?

ஐஸ்கிரீம் குச்சி 400, வெள்ளைப் பசை ஆறு புட்டி, மணிலா அட்டை பத்து. எல்லாம் என் சொந்தக் காசு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் புலம்பல் மாதிரி இருக்கும்.

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி. நான்காம் ஆண்டு, 24 பிள்ளைகள். கலைக்கல்விப் பாடத்தில் கொஞ்சம் கணிதத்தையும் கலந்து, எல்லோரும் சேர்ந்து பினாங்குப் பாலம் செய்வது என்று முடிவு. பெருநிலத்தில் உள்ள பிறையிலிருந்து தீவில் உள்ள குளுகோர் வரை 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தை, என் மேசையில் 120 சென்டிமீட்டராகச் சுருக்க வேண்டும். நான்கு குழு, குழுவுக்கு 30 சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமை நான்கையும் ஒட்டினால் பாலம்.

கரும்பலகையில் எழுதினேன்: நீளம் 30, அகலம் 10. கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். அவள் கை தூக்குவது பருவத்துக்கு ஒரு முறை நடக்கும்.

“உயரம் எவ்வளவு டீச்சர்?”

21ஆம் நூற்றாண்டுக் கற்றல் பற்றிய ஒரு பயிலரங்குக்குப் போய்வந்த புதிது எனக்கு. “அது உங்கள் கற்பனைம்மா” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கையை இறக்கிவிட்டாள்.

குழுவுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாம் குழுத் தலைவன் தாளில் எழுதிவைத்த பட்டியல்: வெட்டுபவர், ஒட்டுபவர், எண்ணுபவர், பார்ப்பவர். அந்த நான்காவது பதவிக்குத்தான் கடும் போட்டி. ஒன்று, இரண்டு, சூ போட்டு ஒருவன் வென்றான். அடுத்த மூன்று நாளும் கையைக் கட்டிக்கொண்டு அவன் பார்த்தான். அவ்வளவு கண்ணும் கருத்துமாக அவன் வேறெதையும் செய்து நான் கண்டதில்லை.

நான் கொடுத்த குச்சி போதாது என்று முதல் குழுவில் ஒருவன் வீட்டிலிருந்து 17 குச்சி கொண்டுவந்தான். “நேத்து ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம் டீச்சர். பாட்டி மட்டும் ரெண்டு.” கழுவினாயா என்று கேட்டேன். “நக்கிட்டோம் டீச்சர்.” மறுநாள் காலை பிறைப் பக்கம் முழுக்க எறும்பு. பாலத்தில் முதன்முதலில் பயணம் செய்தவர்கள் அவர்கள்தான்.

பசையும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் அது காய்ந்தால்தானே? மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அட்டை பறக்கிறது, இரண்டில் வைத்தால் தூண் சாய்கிறது. தூணை ஒருவர், தூணைப் பிடித்தவரின் முழங்கையை ஒருவர் என்று பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டு முயற்சிக்கு ஆதாரமாக ஒரு படம் எடுத்துவைத்தேன்.

நடுப்பகுதிக்குக் கம்பிகள் வேண்டும். நிஜப் பாலத்தில் நடுவே கப்பல் போகிற 225 மீட்டர் தூரத்துக்குக் கடலில் தூணே கிடையாது. இரு பக்கமும் நிற்கும் கோபுரங்களிலிருந்து இறங்கும் கம்பிகள்தாம் அந்தச் சாலையைத் தாங்குகின்றன. எங்களுக்குக் கம்பி எங்கே கிடைக்கும்? மூன்றாம் குழுவில் ஒருத்தியின் பாட்டி லிட்டில் இந்தியாவில் பூ கட்டி விற்பவர். மறுநாள் ஒரு கண்டு பூக்கட்டும் நூல் வந்தது. கட்டி இழுத்ததும் வகுப்பே மல்லிகை மணத்தது. உலகத்தில் வேறெந்தப் பாலத்துக்கு இந்த வாசம் வாய்த்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தோம்.

முதல் குழு அழிப்பானை நிறுத்திவைத்து உயரம் எடுத்திருந்தது. இரண்டாம் குழு வகுப்பில் பென்சில் போட்டுவைக்கும் மைலோ டின்னை வைத்து. அதைப் பார்த்த மூன்றாம் குழு “நாமும் மைலோ டின்” என்று முடிவெடுத்து, வீட்டிலிருந்த பெரிய டின்னை அளந்திருந்தது. நான்காம் குழுவுக்கு இரண்டு விரல். அதுவும் அந்தக் குழுவிலேயே சின்ன விரல். பிறையில் கிளம்பும் கார் சுவரில் மோதி, ஏணி வைத்து ஏறி, இன்னொரு ஏணி வைத்து ஏறி, கடைசியில் குளுகோரில் குதிக்க வேண்டும்.

வகுப்பில் சத்தமே இல்லை. கண்ணாடிக்காரி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்புறம் தொடங்கியது பாருங்கள்.

“உங்களுதை வெட்டு லா!”

“ஏன், நீங்க புக்கு வச்சு ஏத்துங்க!”

தமிழ்மொழிப் பாடநூலை அடியில் வைத்துப் பார்த்தார்கள், பற்றவில்லை. கணிதத்தையும் சேர்த்தார்கள். சமாதானம் பேசப் போன நான் இரண்டு தரப்பிலும் திட்டு வாங்காத குறை. அந்த நேரத்தில் ‘பார்ப்பவர்’ முதன்முறையாக வாயைத் திறந்தான்.

“டீச்சர், பாலம் நடுவுல உயரமாத்தானே இருக்கும்? கப்பல் போகணுமே?”

மூன்று நாள் சும்மா பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது. உண்மைதான், அங்கே கடலுக்கு மேல் 33 மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் சண்டையின் திசையே மாறியது. இரண்டாம் குழுவின் டின் இனி தவறு இல்லை, பொறியியல். மூன்றாம் குழு முணுமுணுத்துக்கொண்டே தூண்களை வெட்டிச் சமமாக்கியது. இரண்டு ஓரத்துக்கும் மணிலா அட்டையில் சரிவுப் பாதை போட்டார்கள். சரிவு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பொம்மைக் காரை உருட்டி உருட்டிக் கண்ணாடிக்காரிதான் கண்டுபிடித்தாள். மேசை போதவில்லை, இன்னொன்றை இழுத்துப்போட்டோம். அடியில் கணிதப் புத்தகம் ஒன்று அப்படியே தங்கிவிட்டது. எடுத்தால் விழும்.

வேலை முடிந்ததும் ‘பார்ப்பவர்’ பதவி காலி. பையன் சும்மா இருப்பானா? பாலத்தின் முனையில் நாற்காலி போட்டு டோல் வசூலிக்க உட்கார்ந்துவிட்டான். காரை உருட்ட ஒரு ஸ்டிக்கர். பிள்ளைகளா கொடுப்பார்கள்? “தீவுக்குப் போறப்பதான் டோல், திரும்பி வர்றப்ப கிடையாது” என்று எல்லோரும் குளுகோர் பக்கமிருந்தே வந்தார்கள். அவன் யோசித்தான். எழுந்தான். ‘பிறை’, ‘குளுகோர்’ பெயர் அட்டைகளைக் கழற்றி இடம் மாற்றி ஒட்டினான்.

அதற்கும் ஒருத்தி வழி வைத்திருந்தாள். “மோட்டாருக்கு டோல் இல்லை! 2019லேயே எடுத்துட்டாங்க, அப்பா சொன்னாங்க!” அவ்வளவுதான். வகுப்பில் இருந்த கார் அத்தனையும் அந்த நொடியே மோட்டார் சைக்கிள் ஆனது. உர்ர்ர், ட்ர்ர்ர் என்று 23 மோட்டார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் டோல்காரன் கையை நீட்டிவிட்டான். “சார், ஸ்டிக்கர்.”

அவர் பையைத் தடவினார். பாலத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மெதுவாக, “ட்ர்ர்ர்” என்று ஓசை கொடுத்தபடி மேசையைக் கடந்து போனார். வகுப்பு கூரையைப் பிய்த்தது.

அந்தக் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “நல்லா இருக்கே டீச்சர். உயரம் யார் முடிவு பண்ணது?”

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பருவத்துக்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் போயே போய்விட்டது.

“டீச்சர் எங்க கற்பனைக்கு விட்டுட்டாங்க சார்.”