சம்பா அறுவடை: ஆய்வு வயல் நாட்குறிப்பு

ஜனவரி 21, கும்பகோணம் அருகே

சி.ஆர். 1009 நெல் ரகம் அறுப்புக்கு வந்தாயிற்று. முதலில் ஓரச்செடிகளை அறுத்து வெளியே போட வேண்டும். வரப்போரச் செடிக்கு வெளிச்சம் கூடுதல், தூரும் கூடுதலாகக் கட்டும். அதையும் சேர்த்துப் போரடித்தால் விளைச்சல் பொய்யாக ஏறும். 20க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்ட 5க்கு 4 மீட்டர் பாத்தியில் நாலு பக்கமும் இரண்டு வரிசை கழித்தால் மிஞ்சுவது 4.6க்கு 3.2, அதாவது 14.72 சதுர மீட்டர். அறுத்தது 14.72, வகுத்தது 20 என்றால் விளைச்சலில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும்.

ஒரு பாத்தியில் எலி வெட்டு. தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறிக்கும் தப்பிய எலி. வெட்டுப்பட்ட தூர்களை எண்ணி, எடை போடும் முன்பே குறிப்பேட்டில் ஏற்றியாக வேண்டும். எடையைப் பார்த்துவிட்டு "எலி தின்ற பாத்தி" என்று ஒதுக்குவது ஆய்வு இல்லை.

ஜனவரி 22

தூற்றிப் பதர் நீக்கி எடை. காலையில் நிறுத்த பாத்தியில் ஈரம் அதிகம், வெயில் ஏறிய பிறகு நிறுத்ததில் குறைவு. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. நிறுத்த கையோடு அதே குவியலில் மேல், நடு, அடி என்று கைவிட்டு மாதிரி எடுத்து ஈரம் அளக்கும் மீட்டரில் போட வேண்டும். மேலே மட்டும் அள்ளினால் காய்ந்த நெல்தான் வரும்.

எல்லாப் பாத்தியையும் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். எடையை, நூறில் ஈரம் போக மிச்சத்தால் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். அந்த 14.72 சதுர மீட்டரில் கிடைத்தது 20 சதவீத ஈரத்தில் 9.2 கிலோ என்றால் திருத்திய எடை 8.56. எக்டேருக்கு 6,250 கிலோ என்று தெரிந்தது 5,814 ஆகிவிடுகிறது. இடையில் போன 436 கிலோ வெறும் தண்ணீர். இரண்டு ரகங்களுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம்கூட இல்லாத சோதனைகள் ஏராளம்.

ஜனவரி 27

நாலு ட்ரீட்மெண்ட் (ஒப்பிடும் முறைகள்), மூன்று ரெப்ளிகேஷன் (ஒவ்வொன்றையும் திரும்ப நடுவது): பிழைக்கு, அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட, கிடைக்கும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சார்பற்ற ஒப்பீடுகளின் எண்ணிக்கை) 6. குறைந்தது 12 வேண்டும் என்பார்கள். அதற்கு ஐந்து ரெப்ளிகேஷன் நட்டிருக்க வேண்டும். நாற்று விடும் முன் போட வேண்டிய கணக்கு இது. வயலை ஒரே மாதிரியான பகுதிகளாக, பிளாக்குகளாக, பிரிப்பதும் அப்போதே: வாய்மடைப் பக்கம் ஒரு பிளாக், வடிகால் பக்கம் ஒரு பிளாக்.

பிப்ரவரி 3

கட்டுரை. அட்டவணை முதலில், செய்முறை அடுத்து, முன்னுரை கடைசி. ஆசிரியர் பெயர் வரிசையை நடவுக்கு முன்பே பேசி மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, குறிப்பாக ஆராய்ச்சி மாணவர்களுக்கு. மதிப்பீட்டாளர் ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் வாதாட வேண்டாம். வரியைத் திருத்தி, பக்கமும் வரி எண்ணும் சொல்லிப் பதில் எழுதினால் போதும்.

பிப்ரவரி 9

விவசாயிகள் கூட்டம். இங்கே எக்டேர் எடுபடாது. 60 கிலோ மூட்டையில் ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 13 என்றால் உடனே கணக்கு ஓடும். "ஈரம் எவ்வளவுங்க சார்?" என்று கேட்பார்கள், கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்பு அவர்களுக்கு மனப்பாடம். சின்னப் பாத்தியில் கண்ட விளைச்சல் முழு வயலில் அப்படியே வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த சம்பாவுக்குச் சோதனை போட யாரும் வயல் தர மாட்டார்கள்.