விஸ்லரில் இரண்டு வீடுகள் சேர்ந்த ஒரு கட்டடம்

கனடாவின் வான்கூவரிலிருந்து மலை ஊரான விஸ்லருக்குப் போகிறவர்கள் பனிச்சறுக்கோடு திரும்பிவிடாமல் ஸ்குவாமிஷ் லில்வாட் பண்பாட்டு மையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். போன வாரம்தான் போனேன், இன்னும் அதே நினைப்பாக இருக்கிறது.

இந்த மையம் அங்குள்ள இரண்டு பழங்குடி மக்களுடையது. ஸ்குவாமிஷ் மக்கள் கடலோரத்தவர்கள், மரப்பலகையால் ஆன நீளவீடு அவர்களுடையது. லில்வாட் மக்கள் உள்நாட்டு மலைக்காரர்கள், குளிர்காலத்துக்கு மண்ணுக்குள் இறங்கிய வட்டமான இஸ்ட்கென் வீடு கட்டியவர்கள். இரண்டு நிலங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் விஸ்லர். 2001இல் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டு, 2008இல் இந்த மையத்தைத் திறந்தார்கள். கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வா இரண்டு வீட்டையும் கலந்து குழப்பாமல், நீளவீடு நீளவீடாகவும் வட்டவீடு வட்டவீடாகவும் தெரியும்படி ஒரே கட்டடத்தில் சேர்த்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உள்ளே நுழைந்ததும் கைமேளத்தோடு வரவேற்புப் பாட்டு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே காடு, உள்ளே செடார் (cedar) மரத்தில் குடைந்த நீளத் தோணி. பக்கத்தில் நின்றால்தான் அதன் அளவு புரிகிறது.

அப்புறம் கடையும் உணவகமும். கனடாவின் பழங்குடி மக்கள் சுடும் பன்னக் ரொட்டி சாப்பிட்டேன், சூடாக, நல்ல கனமாக. கைவினைஞர்களின் பொருட்கள் அங்கேயே விற்பனைக்கு இருக்கின்றன, இளையவர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். பண்பாட்டு மையம் என்றாலே மேடையும் மண்டபமும் மட்டும் வரைகிற நம் ஆட்கள், பிழைப்புக்கும் அதே கூரையின் கீழ் இடம் ஒதுக்கியிருப்பதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.