புது காம்ப்ளக்ஸில் கடை: ஆவணியில் அட்வான்ஸ், பங்குனியில் மீட்டர்

காரைக்குடியில் சங்கராபுரம் பக்கம் ஒரு புது காம்ப்ளக்ஸில் பலகாரக் கடை போட நான் அட்வான்ஸ் கொடுத்தது 2024 ஆவணியில். கடைக்கென்று சரியான கரண்ட் மீட்டர் வந்தது 2025 பங்குனியில். இடையில் ஒரு தீபாவளி போய்விட்டது. பலகாரம் செய்கிறவர்களுக்குத் தீபாவளி போவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கம் புதுக் கட்டடத்தில் கடை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோட்டையூரில். பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம் என்று கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். முன்பெல்லாம் காரைக்குடியில் எது வாங்குவதென்றாலும் கல்லுக்கட்டிக்கோ செக்காலை ரோட்டுக்கோ போக வேண்டும். இப்போது அப்படி இல்லை. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம் என்று வேலை பார்க்கிறவர்களும் ரிட்டயர் ஆனவர்களும் ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியதில், பொட்டலாகக் கிடந்த இடமெல்லாம் தெருவாகிவிட்டது. அவர்களை நம்பி சூப்பர் மார்க்கெட், பேக்கரி, மெடிக்கல், டியூஷன் சென்டர் எல்லாம் வருகின்றன. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூரோடு சங்கராபுரம், கோவிலூர், இலுப்பக்குடி, அரியக்குடி, தளக்காவூரும் அதில் சேர்ந்தன. அப்புறம் ரோட்டோரம் பார்க்கும் இடமெல்லாம் ‘கடைகள் வாடகைக்கு’ போர்டுதான்.

நான் எடுத்தது ஏழாம் நம்பர் கடை. கட்டடத்தின் பின்பக்கம் திரும்பும் மூலையில் இருந்தது. ரோட்டைப் பார்த்த கடைகளையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஓனர் 240 சதுர அடி என்றார். வீட்டில் கிடந்த டேப்பை எடுத்துப்போய் நானும் என் மகளும் அளந்தோம், உள்ளே பதினெட்டுக்குப் பத்து, 180 தான் இருந்தது. மீதி அறுபது எங்கே என்று கேட்டால் வராண்டா, மாடிப்படி, பாத்ரூம் எல்லாவற்றிலும் என் பங்கு என்றார்கள். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான், ஆனால் வாடகை பேசும்போது உள்ளளவு எவ்வளவு என்று கேட்டு, அதற்குச் சதுர அடி என்ன விலை விழுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 என்று முடிந்தது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,620 ரூபாய். வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாததால் நான் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை, அதனால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. என் கணக்கில் வாடகை 10,620 தான்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டார். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. அது அன்று எனக்குத் தெரியாது. கெஞ்சிக் கூத்தாடி ஆறு மாதமாக்கி 54,000 கொடுத்தேன். பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள், ஒன்றரைப் பக்கம். அதில் கரண்ட் பற்றி ஒரு வரி கூட இல்லை.

லைசென்ஸ் வேலைகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் அப்போது போதுமாக இருந்தது, வருடத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனிலேயே முடிந்தது. வீட்டுக்கு ஏற்கெனவே இருந்தாலும் கடை வேறு இடம் என்பதால் தனியாக எடுத்தேன். தராசுக்கு முத்திரை, பாக்கெட்டில் எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. பெயர்ப்பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்று கணக்கு. எனக்குத் தமிழ் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

கரண்டில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் மின்வாரிய மீட்டர் ஒன்றே ஒன்று. அதிலிருந்து பன்னிரண்டு வயர் பிரிந்து பன்னிரண்டு சின்ன சப் மீட்டருக்குப் போகும், ஒவ்வொன்றிலும் மார்க்கரால் கடை நம்பர் எழுதியிருக்கும். யூனிட்டுக்கு 14 ரூபாய் கேட்டார்கள். “என்னண்ணே இது, தனி மீட்டர் இல்லையா?” என்று கேட்டேன். “பத்து நாள்ல வந்துரும் தங்கச்சி, எழுதிக் குடுத்தாச்சு” என்றார் ஓனர். நானும் நம்பினேன். அந்த ஒரு மீட்டர் கட்டடம் கட்டுவதற்காக வாங்கிய தற்காலிக இணைப்பு என்பது தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. மின்வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், கட்டுமானத்துக்குக் கொடுத்த கரண்டில் கடை நடத்தக் கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

பலகாரம் வீட்டில் சுடுகிறோம், கடையில் ஒரு லைட்டும் ஃபேனும் இருந்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் அந்தப் பகுதி ஜனம் கடைக்கு வருவதே வேலை முடிந்து ஆறரை மணிக்கு மேல்தான். இருட்டிய காம்ப்ளக்ஸுக்குள் பின்பக்க மூலைக்கு யார் வருவார்கள்? சார்ஜ் லைட் இரண்டு வைத்து உட்கார்ந்திருந்தேன். நாற்பது கிலோ சீப்புச்சீடையைத் திரும்ப வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுத்தான் விற்றேன். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

தீபாவளி கழித்து விசாரித்ததில் விஷயம் புரிந்தது. இந்த அளவுக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. அனுமதி வாங்கிய வரைபடத்தின்படி கட்டியிருந்தால்தான் அந்தச் சான்று. எங்கள் கட்டடத்துக்கு அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் ஓனரிடம் பதில் இல்லை. வரைபடத்தைப் பார்த்துவிடலாம் என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். அனுமதி தந்தபோது அது ஊராட்சி, இப்போது மாநகராட்சி, யாருக்கு அனுப்புவது என்று முதலில் குழப்பம். அதற்காக நிற்க வேண்டாம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவில் இருக்கிறது. எனக்கு அப்படித்தான் மாறிப்போய், மார்கழியில் நகல் வந்தது.

எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. என் கொழுந்தனின் நண்பர், பிளான் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர், எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை விரித்து நான்கு மூலையிலும் டம்ளரை வைத்தார். மாடிப்படியைக் காட்டினார், பாத்ரூமைக் காட்டினார், பிறகு விரலைப் பின்பக்க மூலைக்குக் கொண்டுபோனார். “அக்கா, உங்க கடை இங்கதானே?” அங்கே ‘இரு சக்கர வாகன நிறுத்தம்’ என்று எழுதியிருந்தது. ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் வரைபடத்தில் இல்லவே இல்லை. வண்டி நிறுத்துவதற்கு விட வேண்டிய இடத்தில் சுவர் வைத்து ஷட்டர் போட்டு, அதற்குத்தான் என்னிடம் வாடகை வாங்கியிருக்கிறார்கள்.

எட்டாம் நம்பரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த தம்பியிடம் முதலில் சொன்னேன். அப்புறம் கடை கடையாகப் போய்ப் பேசினோம். கரண்ட் இல்லாமல் எல்லோருக்குமே நஷ்டம், ஆனால் தனித்தனியாகப் போய்க் கேட்டு அதே “பத்து நாள்” பதிலை வாங்கி வந்திருக்கிறோம். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நகலோடு ஓனர் வீட்டுக்குப் போனோம். யாரும் சத்தம் போடவில்லை. நகலைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, எடுத்துர்றேன்” என்றார். இரண்டு வாரத்தில் எங்கள் இரண்டு கடையின் ஷட்டரும் சுவரும் போயின. மாசிக் கடைசியில் சான்று வந்தது, பங்குனியில் கடைக்குக் கடை மீட்டர். எங்கள் இரண்டு பேருக்கும் முன்பக்கம் காலியாகவே கிடந்த மூன்றாம் நம்பரைப் பாதிப் பாதியாகத் தடுத்துக் கொடுத்தார்கள். என்னுடையது 95 சதுர அடி, வாடகை 6,000. சின்னதுதான், ஆனால் ரோட்டிலிருந்து தெரிகிறது.

இந்த முறை ஒப்பந்தத்தை நான் எழுத வைத்தேன். மூன்று வருடம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்தே ஆக வேண்டும். முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அந்தச் செலவில் ஒரு ரூபாய் கூட எனக்கு வருத்தமில்லை. உள்ளளவு எவ்வளவு, வாடகை எந்த வருடம் எத்தனை சதவீதம் ஏறும், கரண்ட் நின்றால் அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது, காலி செய்தால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்ப வரும், எல்லாம் அதில் இருக்கிறது. நிறைவுச் சான்றின் நகலையும் பின்னால் இணைக்கச் சொன்னேன். உணவுப் பாதுகாப்புப் பதிவில் கடை நம்பரை மாற்ற மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் கடை பார்க்கப் போனால் ஷட்டரையும் டைல்ஸையும் பிறகு பார்க்கலாம். முதலில் மாடிப்படிக்குக் கீழே போய் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் நிறைவுச் சான்றையும் அனுமதி வரைபடத்தையும் காட்டச் சொல்லி, உங்கள் கடை அதில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், பக்கத்திலேயே இன்னும் நான்கு கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

சப் மீட்டரில் நாங்கள் கூடுதலாகக் கட்டியதை ஓனர் திருப்பித் தருவதாகச் சொன்னார். எட்டுப் பேருக்கு வந்துவிட்டது. எனக்கு 1,340 ரூபாய் பாக்கி, செல்போன் கடைத் தம்பிக்கு அதற்கு மேல். மாதா மாதம் வாடகை கொடுக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம்.