எத்தனை டிகிரி தாங்கும்?

திருமங்கலத்தில் கிணற்று மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், கம்பிச் சுருளுக்கு மின்காப்பு வார்னிஷாகப் பூசக்கூடிய, எங்கள் ஆய்வகத்தில் காய்ச்சும் பென்சாக்சசீன் என்ற ரெசினைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "சார், எத்தனை டிகிரி தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். ஒற்றை எண்ணில் பதில் சொல்லக்கூடாத கேள்வி அது.

தயாரிப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிஸ்பீனால்-ஏ, அனிலின், பாராஃபார்மால்டிஹைடு ஆகியவற்றை 1:2:4 என்ற மோல் விகிதத்தில் சேர்த்துச் சூடாக்கினால், நீர் பிரிந்து மஞ்சள் நிறப் பாகு கிடைக்கும். அதைப் படிப்படியாக 200 டிகிரிக்கு மேல் ஏற்றும்போது மூலக்கூறுகளில் உள்ள ஆக்சசீன் வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. பேக்கலைட் வகை ரெசின்கள் இறுகும்போது நீரை வெளிவிட்டுக் குமிழிகளை உண்டாக்கும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

சிக்கல் சோதனையில்தான் இருக்கிறது. சூடேற்றச் சூடேற்ற எடை எவ்வளவு குறைகிறது என்று காட்டும் டி.ஜி.ஏ. கருவியின் சிறு கிண்ணத்தில் ஐந்தாறு மில்லிகிராம் தூளை இட்டு, நைட்ரஜன் சூழலில், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 800 டிகிரி வரை சூடேற்றி, எடை குறைவதைப் பதிவு செய்கிறோம். 300 டிகிரியைத் தாண்டிய பிறகே 5 விழுக்காடு எடை குறைகிறது. இறுதியில் 30 விழுக்காடு அளவுக்குக் கரி எஞ்சுகிறது. பாலிமர் அறிவியலாளர் வான் கிரெவலன் 1975இல் தந்த சமன்பாட்டின்படி, 17.5 உடன் கரியின் விழுக்காட்டை 0.4 ஆல் பெருக்கிக் கூட்டினால் 29.5 வரும். தொடர்ந்து எரியச் சூழலில் குறைந்தது இத்தனை விழுக்காடு ஆக்சிஜன் வேண்டும் என்பது இதன் பொருள். காற்றிலோ ஆக்சிஜன் 21 விழுக்காடுதான் என்பதால், இந்த ரெசின் எளிதில் தீப்பற்றாது என்று கணிக்கலாம்.

ஆனால் அதே தூளை நிமிடத்துக்கு 20 டிகிரி வீதம் சூடேற்றினால், சிதைவதற்குப் போதிய நேரம் கிடைக்காமல் எடைக்குறைவைக் காட்டும் வளைகோடு மேல்வெப்பநிலைப் பக்கம் நகர்ந்துவிடும். காற்றில் சோதித்தால் அந்தக் கரியும் எரிந்துபோகும். இவற்றைவிட முக்கியமானது, ஏறத்தாழ 170 டிகிரியிலேயே இந்த ரெசின் இளகத் தொடங்குவதாகும். இளகுவதால் எடை குறையாது என்பதால் டி.ஜி.ஏ. அதைக் காட்டாது.

மோட்டாருக்கு வேண்டியது வேறு கணக்கு. மின்காப்பு தாங்க வேண்டிய வெப்பநிலை, எஃப் வகுப்பு என்றால் 155 டிகிரி, எச் வகுப்பு என்றால் 180 டிகிரி. பல்லாண்டுகள் காற்றில் ஓட வேண்டும். காப்பு எத்தனை டிகிரி தாங்கும் என்பதைச் சொல்லும் வெப்பநிலைக் குறியீடு என்பதே வழக்கமாக 20,000 மணி நேர ஆயுளை அடிப்படையாகக் கொண்டது. வார்னிஷ் பூசிய கம்பிச் சுருள்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடுப்பில் வைத்து, இடையிடையே எடுத்து, எந்த வோல்டேஜில் காப்பு உடைகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும், டி.ஜி.ஏ. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், எங்கள் துறையில் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள்.